ஈரக் குமிழ்

வின்னிபெக், சார்ஜென்ட் அவென்யூ, மூன்றாம் மாடி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வெயிலில் பனித்தூள் மினுங்குகிறது,
காற்று நிரம்பிவிட்டதென்று அர்த்தம்.
அந்தக் குளிரில் அதன் கை அவ்வளவு சிறியது:
முப்பத்து நான்கு பாஸ்கல் ஆவி,
அதற்குள் வழிந்துவிடும்.

உள்ளே இருபத்தொன்று.
மேலாளர் கோவல்சுக் ஜன்னலைக் காட்டினார்.
சட்டத்தின் அடியில் விரல் தடிமனுக்குப் பனிக்கட்டி,
மூலையில் கரும்பூஞ்சை,
திரைச்சீலையின் ஓரம் கண்ணாடியோடு உறைந்து
இழுத்தால் கிழியும் போலிருந்தது.
"ஒப்பந்தத்தில் இரண்டு பேர்" என்றார்.
"கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்."
போன் வந்தது, கீழே போனார்.
மூச்சை எண்ணச் சொல்லியிருக்கிறார் என்பது
அவர் காலடி ஓசை தேய்ந்த பிறகுதான் உறைத்தது.

இரட்டை வெப்பமானியை எடுத்தேன்.
ஒன்றின் குமிழுக்கு நனைந்த பஞ்சுத்துணி,
மற்றது வெறுமனே.
கைப்பிடியில் சுழற்றினால்
திருவிழாக் கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம்.
செலமாவிட் காப்பிக்கொட்டை வறுப்பதை நிறுத்திப் பார்த்தாள்.
படுக்கையறைக் கதவுக்குப் பின்னால்
ஏதோ சிரிக்கப் பார்த்து, வாய் பொத்தப்பட்டது.

உலர் குமிழ் இருபத்தொன்று. ஈரக் குமிழ் பதின்மூன்று.
இடைவெளி எட்டு டிகிரி.
பதின்மூன்றில் செறிவழுத்தம் ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றேழு.
டிகிரிக்கு அறுபத்தைந்து வீதம் ஐந்நூற்றிருபதைக் கழி.
மிச்சம் தொள்ளாயிரத்து எழுபத்தேழு பாஸ்கல்.
இந்த அறை தாங்கக்கூடியதோ இரண்டாயிரத்து நானூற்று எண்பத்தேழு.
வகுத்தால் முப்பத்தொன்பது சதவீதம்.
ஏழு டிகிரிக்குக் கீழே போகும் எந்தக் கண்ணாடியும்
வியர்த்தே தீரும். அதில் யார் குற்றமும் இல்லை.

அடுத்த வரிதான் ஆபத்தானது.
கட்டட வரைபடம் சொல்லும் காற்றோட்டம்
மணிக்கு அறுபத்து நான்கு கன மீட்டர்.
ஒரு கன மீட்டரோடு வெளியேறுவது ஏழு கிராம் நீர்.
பெருக்கினேன்.
நாளுக்குப் பத்தரை லிட்டர்.
இரண்டு பேர் சமைத்து, குளித்து, தூங்கி எழுந்தாலும்
ஐந்தைத் தாண்டுவது கஷ்டம்.
மீதி ஐந்தரை லிட்டர்
யாருடைய மூக்கு வழியாகவோ வந்திருக்கிறது.

ஹீட்டர் மேல் கையுறைகள் காய்ந்தன.
ஒரு ஜோடி சிவப்பு, கட்டைவிரல் என் சுண்டுவிரல் அளவு.
அதைவிடச் சின்னது இன்னொரு ஜோடி.
நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.
"காப்பி?" என்றாள்.
குடிக்கிறேன் என்றேன்.
கெட்டில் கொதித்து
என் எண்களின் மேலேயே ஆவியைக் கொட்டியது.

தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று.
ஒன்றைப் பிடித்துக்கொண்டால்தான் மற்றது கிடைக்கும்.
ஆட்களை இரண்டென்று நிறுத்தினால் காற்றோட்டம் பாதியாகும்.
காற்றோட்டத்தை நிறுத்தினால் ஆட்கள் பெருகுவார்கள்.
குளியலறை விசிறியைப் போட்டேன்.
உறுமல் பலமாகத்தான் இருந்தது.
ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை அதன் வாயில் வைத்தேன்.
ஒட்டவில்லை. மெதுவாக இறங்கி
என் பூட்ஸின் மேல் உட்கார்ந்தது.

அறிக்கையில் எழுதினேன்:
ஈரம் தேங்கக் காரணம், விசிறி இழுக்கவில்லை. மாற்றவும்.
ஒவ்வொரு சொல்லும் உண்மை.
கோவல்சுக் படித்தார், நாக்கைச் சப்புக்கொட்டினார்.
"வேறு ஒன்றும் இல்லையா?"
"குழாய்வழியில் பழைய குருவிக்கூடு இருக்கலாம்" என்றேன்.
அது மட்டும் ஊகம்.

தெருவுக்கு வந்தபோது இமைமயிர் ஒட்டிக்கொண்டது.
அண்ணாந்து பார்த்தேன்.
படுக்கையறை ஜன்னலின் பனியில்
யாரோ வாயால் ஊதிக் காசளவு துளை போட்டிருந்தார்கள்.
அதற்கு ஒரு சாண் கீழே இன்னொன்று
அப்போதுதான் உருகத் தொடங்கியிருந்தது.

எண்ணவில்லை.
காரில் ஏறி உட்கார்ந்தேன்.
முன்கண்ணாடி
என் ஒருவன் மூச்சிலேயே வெளுத்து மூடிக்கொண்டது.